யானையின் நெற்றிப்பட்டத்துக்குக் கீழே

அந்த மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டாயிரமாவது வருஷம், தமிழ்க் கணக்கில் விக்கிரம ஆண்டு, ஆனி மாதத் தொடக்கம். மாதத்தில் எனக்குச் சந்தேகமில்லை. வைகாசித் திருவிழாவுக்காகத் தெருவில் நட்ட பந்தல்கால்களைப் பிடுங்கியிருந்தார்கள், குழிகளை மூடியிருக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து மெஷினைக் கொண்டுவந்த என் மைத்துனன் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அந்தக் குழிகளில் ஒன்றில் காலை விட்டான். ஊருக்குத் திரும்புகிறவரை நொண்டிக்கொண்டுதான் நடந்தான்.

தடித்த பேனாவைப் போலக் கையில் பிடிக்கிற மெஷின் அது. நுனியில் ஒரு சின்னக் கவ்வி இருக்கும். வேண்டிய முனையை அதில் செருகி இறுக்கிவிட்டால் உள்ளே இருக்கும் மோட்டார் அதைச் சுழற்றும். துளை போட ஊசி போன்ற முனை, குடைவதற்குக் கடுகளவு உருண்டை முனை, தேய்க்க மணல்தாள் சுற்றிய உருளை, வெட்ட நாலணாவைவிடச் சிறிய வில்லை என்று ஒரு டப்பா நிறைய முனைகள் கூடவே வந்தன. நான் அன்றே பிளக்கில் செருகியிருப்பேன். விசிறி ரிப்பேருக்கு வந்திருந்த எலக்ட்ரீஷியன் மெஷினைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தடுத்தார்.

"சார், இது அந்த ஊரு கரண்டுக்கு செஞ்சது. நம்ம பிளக்ல சொருகினா புகை வந்துக்கினே இருக்கும், மெஷின் இருக்காது. நடுவுல ஒரு பொட்டி வைக்கணும்பா."

கரண்டைப் பாதியாகக் குறைக்கும் அந்தப் பெட்டியையும் அவரே வாங்கித் தந்தார். செங்கல் கனம். மெஷினை ஓட்டினால் பெட்டியும் கூடவே முனகும். பல் டாக்டர் அறையில் உட்கார்ந்திருப்பது போலத் தனக்குப் பல் கூசுகிறது என்று மனைவி சொன்னாள். தெருவில் வேறு விதமாகப் பேசிக்கொண்டார்கள். ஏனாத்தூரில் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிற மனிதர் வீட்டுக்கு வந்ததும் பின்கட்டில் உட்கார்ந்து எதையோ ராவுகிறார், வெளியே காட்டுவதில்லை என்பது பேச்சு. நான் ராவியது பிளாஸ்டிக் பொம்மைகளை.

அதற்குக் காரணம் எங்கள் கொலு. சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் வீடும் எதிர்வீடும் சேர்ந்து ஒரு கொலு வைப்போம். எதிர்வீட்டு மாமா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். கொலுவில் படிகள் எங்களுக்கு முக்கியமில்லை. படிகளுக்கு முன்னால் தரையில் வைக்கும் கருட சேவை ஊர்வலம்தான் முக்கியம். வாகனங்கள் என் பொறுப்பு. கடையில் விற்கும் பிளாஸ்டிக் குதிரை, சிங்கம், வாத்து ஆகியவற்றின் கால்களை வெட்டி, கழுத்தைத் திருப்பி, பசை வைத்து, வர்ணம் பூசிக் குதிரை வாகனம், யாளி, ஹம்சம் என்று மாற்றுவேன். மெஷின் வருவதற்கு முன்னால் இதையெல்லாம் பிளேடும் சூடான கத்தியும் வைத்துச் செய்துவந்தேன். வாகனங்களைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகள், குடை பிடிப்பவர்கள், வேடிக்கை பார்க்கும் கூட்டம் எல்லாம் மாமாவின் பொறுப்பு. களிமண்ணில், விரல் உயரத்துக்கு, ஒருவர் முகம் போல் இன்னொருவர் முகம் இராமல் செய்வார். ஒரு வருஷம் எங்கள் வீட்டில் கொலு, மறு வருஷம் அவர் வீட்டில்.

இந்தக் கூட்டுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. நாங்கள் வடகலை, எங்கள் நாமம் நெற்றியோடு நின்றுவிடும். அவர்கள் தென்கலை, அவர்கள் நாமத்துக்கு மூக்கின் மேல் இறங்கும் பாதம் உண்டு. யானையின் நெற்றியில் இதில் எதைப் போடுவது என்பதற்காகக் கோர்ட்டுக்குப் போனவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அதனால் ஊர்வலத்துக்கென்று ஸ்ரீமுக ஆண்டில் பொம்மைக்காரரிடம் ஒரு காகிதக்கூழ் யானையை நாங்கள் சேர்ந்து வாங்கியபோதே மாமா பேசி முடித்துவிட்டார். யானை நெற்றியில் எதுவும் கூடாது. மேலே ஜரிகைத் துணியில் நெற்றிப்பட்டம் கட்டிவிட வேண்டும். அவருடைய களிமண் மனிதர்களுக்கும் நாமத்தின் நடுக்கோடு மட்டுந்தான் போடுவார், அது இரண்டு கலைக்கும் பொது என்பதால். அதன் நிறத்தில்கூட ஜாக்கிரதையாக இருந்தார். அவர்கள் வழக்கம் சிவப்பு, எங்கள் வழக்கம் மஞ்சள்; அவர் இரண்டையும் குழைத்துச் செங்கல் நிறத்தில் போட்டார்.

மெஷின் வந்த மாதத்தில் முதல் காரியமாகக் கருடனைப் புதிதாகச் செய்தேன். பழைய கருடன் சிறகு உடைந்துபோயிருந்தது. கடையில் ஒரு பிளாஸ்டிக் வீரன் பொம்மை கிடைத்தது. மார்பில் ஏதோ முத்திரை புடைத்துக்கொண்டிருந்தது. கைகளை வெட்டும் வில்லையால் அறுத்து, உள்ளங்கை விரித்து ஏந்தும்படி திருப்பி ஒட்டினேன். வேகத்தைக் கூட்டினால் பிளாஸ்டிக் உருகி முனையில் அப்பிக்கொள்ளும் என்பதை பொம்மையின் இரண்டு விரல்களைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். வேகத்தைக் குறைத்து, நிறுத்தி நிறுத்தித் தேய்த்தபோது மார்பு முத்திரை முற்றிலும் போய்விட்டது. மாமாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கருடனின் மார்பைக் கட்டைவிரலால் தடவினார். மறுபடியும் தடவினார்.

"இருந்த சுவடே தெரியாம அழிச்சுட்டீர். சாமர்த்தியந்தான். இனிமே உம்மகிட்ட எதைக் குடுத்தாலும், திரும்பி வரச்சே ஒரு தடவை தடவிப் பார்த்துக்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு மெஷின் சத்தம் கேட்டால் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வந்துவிடுவார். ஒரு நாள் செய்தித்தாள். ஒரு நாள் கறிவேப்பிலை. வந்தால் பின்கட்டுக் கதவருகில் நின்று, நான் கையில் பிடித்திருப்பது என்ன என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

ஆடி மாதம் யானையை எடுத்தேன். துதிக்கையின் நுனி உடைந்திருந்தது. தந்தத்தில் ஒன்று ஆடியது. பழைய தந்தத்தைக் குடைந்து எடுத்துவிட்டுப் புதியது பொருத்த வேண்டும். நெற்றிப்பட்டம் இடைஞ்சலாக இருந்தது. அதை அவிழ்க்கப் போகிறேன் என்று மாமாவுக்குச் சொல்லியனுப்பினேன். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு அவர் இதை மறுத்தார். அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் நூலை வெட்டினேன்.

பட்டத்துக்குக் கீழே, சாம்பல் நெற்றியில், பளிச்சென்று ஒரு நாமம் இருந்தது. பாதம் இல்லை. எங்கள் நாமம்.

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு யானையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். போன கொலு எங்கள் வீட்டில்தான். யானை அப்போதிலிருந்து எங்கள் பரணில்தான் இருந்தது. நான் போடவில்லை என்று சொன்னேன். எனக்கே அது நம்பும்படியாக ஒலிக்கவில்லை.

"நான் கேட்கவே இல்லையே," என்றார்.

இதோ இப்போதே அழித்துவிடுகிறேன் என்று மணல்தாள் உருளையைப் பொருத்தி மெஷினைப் போட்டேன். வெள்ளை வர்ணம் மாவு போலப் பறந்தது. அதன் கீழே சாம்பல் வந்தது. அதையும் கொஞ்சம் தேய்த்தபோது மறுபடி வெள்ளை தெரிந்தது. இன்னொரு நாமம். இதற்குப் பாதம் இருந்தது, துதிக்கை தொடங்கும் இடம் வரை.

இப்போது நான் மாமாவைப் பார்த்தேன். அதற்கு முந்தைய கொலு அவர் வீட்டில்.

அவர் முகம் சிவந்துவிட்டது. மேலே ஒன்றை அழிப்பதாகச் சொல்லி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் இன்னொன்றை வரவழைக்கிற மெஷினை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். நான் ஏதோ சூடாகச் சொன்னேன்; என்ன என்பது நினைவில்லை. அவர் எழுந்து நின்றதும், வாசல் வரை போய்த் திரும்பி வந்ததும் நினைவிருக்கிறது.

"இந்த வருஷம் எங்காத்துல கொலு. என் மனுஷாளை நான் வெச்சுக்கறேன். உம்ம வாகனங்களை நீரே வெச்சுக்கும். தூக்கறத்துக்கு ஆள் வேணும்னா அந்த மெஷின்லயே செஞ்சுக்கும், ஓய்."

சுமக்க ஆளில்லாத வாகனங்களும், சுமக்க வாகனம் இல்லாமல் தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்கும் களிமண் மனிதர்களும் தெருவின் இரண்டு பக்கத்திலும் தனித்தனியாக இருக்கப்போவதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு மாலையில் உட்கார்ந்து பேச அந்தத் தெருவில் வேறு ஆள் கிடையாது. புரட்டாசிக்குள் இதைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஒரே வழி, அவர்தான் முதலில் போட்டார் என்று நிரூபிப்பது என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, யானையைப் பின்கட்டு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு அடுக்கடுக்காக இறங்கினேன். பழங்காலத்து மேடுகளைத் தோண்டுகிறவர்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மண்ணடுக்கையும் தனியாகப் பிரித்துப் படிப்பதைப் பற்றி நூலகத்தில் நிறையப் படித்திருக்கிறேன். அதே முறைதான். நெற்றியின் ஒரு பாதியை மட்டும், ஒவ்வொரு அடுக்கும் விளிம்பில் கொஞ்சம் எஞ்சி நிற்கும்படி, படிக்கட்டு போலத் தேய்த்தேன். உருண்டை முனை, மிகக் குறைந்த வேகம்.

பாதமில்லாதது. சாம்பல். பாதமுள்ளது. அதற்குக் கீழே சாம்பலே இல்லாமல் நேராக இன்னொரு பாதமுள்ளது. பழையது மங்கியதால் அதன்மேலேயே போட்டிருக்கிறார்கள். இது எனக்கு முதலில் புரியவில்லை. இடையில் எங்கள் முறை வந்திருக்க வேண்டுமே. பிறகு கணக்குப் போட்டேன். வெகுதான்ய ஆண்டும் தாது ஆண்டும் அவர்கள் கொலு. நடுவில் ஈஸ்வர ஆண்டில் என் தாயார் காலமானதால் எங்கள் வீட்டில் கொலு வைக்கவில்லை. யானை எதிர்வீட்டிலேயே இருந்துவிட்டது. அதற்கும் கீழே போனால் மறுபடி சாம்பல், மறுபடி பாதமில்லாதது, யுவ ஆண்டு. என் தாயாரின் மறைவுகூட அந்த நெற்றியில் பதிவாகியிருந்தது. இதைவிட நல்ல சாட்சி வேண்டாம் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன்.

அப்போதுதான் சாம்பல் நிறங்களைக் கவனித்தேன். அவர்கள் நாமத்துக்கு அடியில் இருந்த சாம்பல், ஈர விரலை வைத்தால் கரைந்தது. விளக்குக் கரியைக் குழைத்த தண்ணீர் வர்ணம். எங்கள் நாமத்துக்கு அடியில் இருந்தது பளபளப்பான எனாமல். இந்த யானைக்கென்றே நான் கலந்து, டப்பாவில் மூடி வைத்திருந்த எனாமல். அந்த டப்பா எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டைவிட்டு எங்கும் போனதில்லை.

நான் மெஷினை நிறுத்தினேன். பெட்டி முனகல் நின்றதும் சமையலறையில் தாளிக்கிற சத்தம் கேட்டது.

யானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், இது என்ன என்று கேட்டேன். மனைவி கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"பாழ் நெத்தியோட எப்படிப் பெருமாளுக்கு முன்னாடி நிக்க வைக்கறது? மேல பட்டம் கட்டிட்டா உங்க கண்ணுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாதா?"

யாரிடமும் சொல்லாதது ஏன் என்றேன். அலங்காரம் செய்வது அவளும் எதிர்வீட்டு மாமியும், இதில் நாங்கள் எங்கே வந்தோம் என்றாள். எதிர்வீட்டு நாமத்தை அழித்தது ஏன் என்றேன்.

"அழிக்கலை. மூடினேன். மாமியும் அப்படித்தான். மறு வருஷம் பட்டத்தை அவுக்கறச்சே என்னோடது இருக்காதுன்னு எனக்குத் தெரியும், மாமியோடது இருக்காதுன்னு மாமிக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசிண்டதில்லை. நீங்க ரெண்டு பேருந்தான் பேசறேள்."

வெறும் நெற்றி எங்கள் இரு வீட்டிலும் துக்கத்துக்குரியது. நாமம் இட்டுக்கொள்ளாமல் நான் காபி குடிக்கமாட்டேன், மாமாவும் அப்படித்தான். யானைக்கு ஒன்றும் வேண்டாம் என்று இரண்டு ஆண்களும் உட்கார்ந்து முடிவு செய்தபோது இது எங்களுக்குத் தோன்றவேயில்லை.

அன்று மாலையே யானையோடு எதிர்வீட்டுக்குப் போனேன். மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அடுக்குகளை ஒவ்வொன்றாகக் காட்டி, ஆண்டுகளைச் சொல்லி, கரியையும் எனாமலையும் விளக்கினேன். குறுக்கே ஒன்றும் கேட்காமல் கடைசிவரை கேட்டார். கேட்டு முடித்ததும், இதையெல்லாம் ஒரு வாரத்தில் பூசிக் காயவைத்துச் செதுக்கியிருக்க முடியாதா என்றார். உங்கள் வீட்டு மாமியைக் கேளுங்கள் என்றேன். மாமி உள்ளே பூத்தொடுத்துக்கொண்டிருந்தார்; கேட்காத மாதிரி இருந்தார். மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு அதைக் கேட்கப் பயம் என்று எனக்குத் தோன்றியது.

"மெஷினைக் கொண்டாரும். நானே தேய்ச்சுப் பார்த்தாத்தான் நம்புவேன். கீழ வரைக்கும் பாத்துடலாம், முதல்ல போட்டது யாருன்னு."

அதுதான் எங்கள் இருவருக்கும் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எடுத்துவந்தேன். பெட்டியை அவர் வீட்டு பிளக்கில் செருகினேன். வேகத்தை மிகக் குறைத்து வைத்துக் கையில் கொடுத்தேன். நான் திரும்பி அங்கவஸ்திரத்தை ஒதுக்குவதற்குள் அவர் வேகத்தைக் கூட்டிவிட்டார். குறைத்து வைத்ததில் ஏதோ சூது இருக்கும் என்று நினைத்தாராம். இதைப் பிறகு அவரே சொன்னார்.

யுவ ஆண்டு போனது. அதற்குக் கீழே பவ ஆண்டின் நாமம் தெரிந்தது. அவர் பாதத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அடுத்தது ஸ்ரீமுகம், முதல் கொலு, எங்கள் வீடு. இருவரும் குனிந்தோம். என் தலை அவர் தலையில் இடித்தது. மெஷின் ஒரு மாதிரி சத்தம் மாறி விக்கியது. காகிதக்கூழ் வர்ணத்தைப் போல எதிர்ப்பு காட்டாது. மாமா கையை எடுத்தபோது யானையின் நெற்றி நடுவில், நெட்டுவாக்கில், சுண்டுவிரல் நகம் நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே இருட்டு. முதல் அடுக்கு தூளாகத் தரையில் கிடந்தது. அதில் நாமம் இருந்ததா, இருந்தால் எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மாமா மெஷினை அணைக்காமலே கீழே வைத்தார். அது தரையில் சுற்றிச் சுற்றி வந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "ஆச்சா? ரெண்டு பேரும் சேர்ந்து நெத்தியையே எடுத்தாச்சா?"

மாமா ஓட்டையை எட்டிப் பார்த்தார். பிறகு யானையை என்னிடம் நீட்டி, நானும் பார்க்கட்டும் என்று காத்திருந்தார். பார்த்தேன்.

"இதுமேல யாரும் ஒண்ணும் போட முடியாது," என்றார். அதில் ஒரு திருப்தி இருந்தது. சிறிது நேரம் கழித்து, தந்தம் எப்போது தயாராகும் என்று கேட்டார். கருடனுக்கு எத்தனை ஸ்ரீபாதந்தாங்கிகள் வேண்டும் என்றும் கேட்டார்.

அந்தப் புரட்டாசியில் ஊர்வலம் பிரியாமல் அவர் வீட்டுக் கூடத்தில் போயிற்று. நெற்றிப்பட்டத்தை மட்டும் இனி இறுக்கிக் கட்டக் கூடாது, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தூக்கிப் பார்க்கலாம் என்று புது நிபந்தனை. அதற்காகப் பட்டத்தின் மேல் விளிம்பில் மெஷினால் இரண்டு துளை போட்டுச் சின்னக் கம்பி வளையம் மாட்டினேன். கொலு நடந்த நாட்களில் நான் எதிர்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தூக்கிப் பார்த்தேன். நான் போன பிறகு மாமாவும் தூக்கிப் பார்த்தார் என்று மாமி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது விஷு ஆண்டு, எங்கள் வீட்டுக் கொலு. மகாளய அமாவாசையன்று, எதிர்வீட்டிலிருந்து வந்த பொம்மைப் பெட்டியைத் திறந்து யானையை வெளியே எடுத்தோம். மாமாவும் வந்து பக்கத்தில் நின்றார். பட்டத்தைத் தூக்கினேன். ஓட்டை இருட்டாக இல்லை. உட்புறத்திலிருந்து யாரோ ஒரு பட்டுத் துணுக்கை ஒட்டியிருந்தார்கள். நெட்டுவாக்கிலிருந்த ஓட்டை, நாமத்தின் நடுக்கோடு போல நிறத்தோடு நின்றது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த பட்டு. நான் நின்ற பக்கத்திலிருந்து மஞ்சளாகத் தெரிந்தது. மாமா ஜன்னல் பக்கம் நின்றார், சிவப்பு என்றார். இடம் மாறி நின்று பார்த்தோம்.

அந்த நிறத்தில் என் மனைவிக்கு ஒரு புடவை உண்டு. மாமிக்கும் உண்டு. இரண்டையும் ஒரே தறிக்காரரிடம் ஒரே நாளில் எடுத்தார்கள். இரண்டு பேரையும் கேட்டோம். ஒருத்தி சுண்டலுக்கு ஊறப்போட வேண்டும் என்று எழுந்து போனாள். இன்னொருவர் படிகளுக்கு விரிக்க வேட்டி துவைத்தாயிற்றா என்று கேட்டார்.

மாமா குனிந்து, துணுக்கின் கீழ் நுனியை நகத்தால் மெல்ல நெம்பினார். அது மூக்குப் பக்கம் இறங்குகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இறங்கவில்லை. அவர் நிமிர்ந்ததும் நானும் குனிந்து, நெம்பிப் பார்த்துக்கொண்டேன்.